வியாழக்கிழமை பத்து மணிக்கு ஃபாத்திஹா

"ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பிட்டீங்க. மாடியில இருக்குற எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, வக்கீலம்மா?"

ஷீமா படிக்கட்டில் பாதியிலேயே நின்று கேட்டாள். ஆப்கானிஸ்தானில், மஸார் நகரத்தில் அழகு நிலையம் நடத்தியவள். வாய் சும்மா இருக்காது. ஆனால் இன்று அந்தக் குரலில் கேலி பாதிதான் இருந்தது, மீதி வேறு ஏதோ.

ஹோமைரா அடுப்பில் மாவை வறுத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஹைதர் மஸாரில் இறந்து மூன்று நாள். ஹல்வா கிண்டி, இந்த வீட்டிலிருக்கும் நாலு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு கரண்டி கொடுத்து, கை ஏந்தி, இறந்தவருக்கான ஃபாத்திஹா ஓதி முடித்துவிடலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அவரும் தலையை ஆட்டியிருந்தார்.

"யாருக்கு என்ன சொல்லி அனுப்பினோம்?"

"நீங்களே கேளுங்க." ஷீமா கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தாள். "ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். ஹாஜி ஹைதர் அவர்கள், குலாம் ஸகி அவர்களின் மூத்த சகோதரர், இறைவனடி சேர்ந்தார். ஃபாத்திஹா வியாழக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. அப்புறம் தெரு நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் இருக்கு. அதுக்கும் கீழே பாருங்க. 'தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் சந்து. வாடகைக்கு என்று பலகை தொங்கும் பச்சை கேட்.'"

ஹோமைராவின் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது.

"எந்தக் குரூப்புல வந்தது?"

"நம்ம எல்லாரும் இருக்குற குரூப்புலதான். முன்னூத்தி நாப்பது பேரு."

"மணி என்ன?"

"எட்டே முக்கால். இன்னைக்குத்தான் வியாழன்."

மாவு கருகும் வாசனை வந்தது. ஹோமைரா அடுப்பை அணைத்தாள்.

அந்தப் பலகையைத் தொங்கவிட்டது அவள் யோசனைதான். இஸ்லாமாபாத்தில் ஆப்கான்களைப் பிடித்து எல்லைக்கு அனுப்பும் வேட்டை சூடு பிடித்ததிலிருந்து வீட்டுக்காரி ஸுக்ரா பாஜி தினமும் காலையில் கேட்டை வெளியிலிருந்து பூட்டிவிடுவாள். பெரிய பித்தளைப் பூட்டு. மேலே 'வாடகைக்கு' என்று பலகை. உள்ளே நாலு குடும்பம், பத்தொன்பது உயிர். விளக்கு போடக்கூடாது, மாடியில் துணி காயப்போடக்கூடாது, குழந்தை அழுதால் வாயைப் பொத்தவேண்டும். இவர்கள் விசா எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, புதுப்பிக்க மாட்டேன் என்கிறார்கள். அழைத்துக்கொள்வதாக எழுத்தில் வாக்குக் கொடுத்த நாடு வடக்கே குளிருக்குள் இருக்கிறது. அது மெதுவாகத்தான் அசையும். இப்போதுதான் அசைந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை விமானம். இன்னும் ஐந்து நாள் இந்தப் பூட்டு தாங்கினால் போதும்.

அந்த நாடு அழைத்துக்கொள்ளும் பட்டியலில் ஹோமைராவின் பெயருக்குக் கீழே அப்பா பெயரும் ஏறுவதற்குப் பதினாலு மாதம் ஆனது. வயது வந்த மகளின் குடும்பத்தில் அப்பாவுக்குச் சேர்த்தி இல்லை என்பது அந்த நாட்டுச் சட்டம். குடும்ப நீதிமன்றத்தில் பத்து வருஷம் வாதாடியவள் அவள். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினாள். அப்பாவுக்கு வேறு யாரும் இல்லை, மஸாரில் தனியாக விட்டால் என்னைத் தேடுகிறவர்கள் அவரைத்தான் பிடிப்பார்கள் என்று. அவள் விவாகரத்து வாங்கிக் கொடுத்த பெண்களின் புருஷன்மாரில் எத்தனையோ பேர் கையில் இப்போது துப்பாக்கி. கடைசியில் ஒரு வரியில் பதில் வந்தது, சம்மதம் என்று.

அறைக்குள் போனாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சலவை மடிப்பு கலையாத சட்டை. கறுப்பு மேல்சட்டை. பெட்டியின் அடியில் கிடந்த ஆட்டுத்தோல் தொப்பி தலையில். தாடி சீவியிருந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க, ஆகா ஜான்?"

"எங்கேயும் இல்லையே."

"அப்ப இந்த வேஷம் எதுக்கு?"

"வேஷமா? அண்ணன் செத்து மூணாம் நாள். கந்தலை மாட்டிக்கிட்டு உக்காரச் சொல்றியா?" என்றார் குலாம் ஸகி. பிறகு குரலைத் தாழ்த்தி, "யாராவது வந்தா..." என்றார்.

"ஆக, உங்களுக்குத் தெரியும்."

"ஸமத் போன் பண்ணான். அழுதான், பாவம். அண்ணனும் அவனும் உரத் தொழிற்சாலையில முப்பது வருஷம் ஒரே பென்ச்சுல உக்காந்தவங்க. 'குரூப்புல போடறேன், வியாழக்கிழமை பத்து மணி சரிதானே'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்ஷா அல்லான்னேன்."

"இன்ஷா அல்லாவா! 'நாங்க வைக்கல, யாரும் வரவேணாம்'னு சொல்லக்கூடாதா? அஞ்சு வார்த்தை. வாயில புண்ணா?"

"அதை எந்த வாயால சொல்றது, ஜானே பதர், என் கண்ணு?" அவர் கண் சிவந்திருந்தது. "எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அவர். நிக்காஹ் பண்ணி வச்சவர் அவர். மண்ணு போட நான் போகல. மூணு நாளா ஒருத்தன் வந்து என் முன்னாடி கை ஏந்தல. இதுக்கு மேல 'வராதீங்க'ன்னும் நானே சொல்லணுமா?"

"ஸமத் இந்த வீட்டு நம்பரையும் போட்டிருக்காரு."

"நம்பர் இல்லாம எப்படி வருவாங்க?" என்றார், அது பெரிய அதிசயமா என்பதுபோல.

"சரிதான். என் பேரு எங்கேயும் இல்ல. பொம்பளை பேரைப் போட்டா மரியாதை போயிரும். ஒளிஞ்சிருக்குற வீட்டு வாசலைப் போட்டா மரியாதை நிக்கும்!"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஹோமைரா ஸமதுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னொருவருக்கு. அதுவும். குரூப்பில் எழுதினாள்: 'ஃபாத்திஹா இல்லை. யாரும் வர வேண்டாம். தயவுசெய்து.' பதில்கள் வரிசையாக வந்து விழுந்தன, எல்லாம் வீட்டிலிருக்கும் பெண்களிடமிருந்து. 'அல்லா உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும் தங்கச்சி, இவர் கிளம்பி அரை மணி ஆச்சு.' 'எங்க மாமனாரும் மச்சானும் பஸ் ஏறிட்டாங்க, போன் இங்கதான் கிடக்கு.'

போன் அங்கேதான் கிடக்கும். வெளியே போகிறவர்கள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், போலீஸ் பிடித்தால் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறார்கள் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் இதே குரூப்பில் எழுதியது ஹோமைராதான். முன்னூற்று நாற்பது பேரும் ஒருமுறையாவது அவள் பேச்சைக் கேட்டிருந்தார்கள்.

அவள் கைப்பேசி அதிர்ந்தது. எதிர் வீட்டிலிருந்து ஸுக்ரா பாஜி.

"ஏம்மா, உங்க ஆளுங்க ரெண்டு பேரு சந்துக்குள்ள வாசல் வாசலா எண்ணிக்கிட்டு வராங்க."

"எங்க ஆளுங்கதான்னு எப்படித் தெரியும், பாஜி?"

"அட, இந்த ஊர்ல எவன் ஒம்பது மணிக்குக் கோட்டு மேல கோட்டு போட்டு, நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடக்குறான்? இரு, நான் போய்க் கேக்குறேன்."

ஹோமைரா சமையலறை ஜன்னலுக்கு ஓடினாள். திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் அகல இடைவெளி. அதில் கேட்டின் மேல்பாதியும் சந்தில் ஒரு துண்டும் தெரியும். இரண்டு தலைப்பாகைகள் தெரிந்தன. ஸுக்ரா பாஜியின் துப்பட்டா அவற்றுக்கு முன்னால் ஆடியது.

"யாரும் இல்லப்பா இங்க! பலகை தெரியலையா? காலி வீடு! போங்க, போங்க!"

"போயிடறோம், பாஜி. வந்த கடமைக்கு வாசல்லயாவது கை ஏந்திட்டுப் போறோம்."

அந்த இரண்டு பேரும் பூட்டிய வீட்டின் முன்னால், 'வாடகைக்கு' என்ற பலகையைப் பார்த்து, உள்ளங்கையை விரித்து நின்றார்கள். உதடுகள் அசைந்தன. எதிர்ச் சாரியில் கேஸ் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தவன் சிலிண்டரைத் தோளிலேயே வைத்தபடி வேடிக்கை பார்த்தான்.

"அய்யய்யோ," என்றாள் ஹோமைராவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஷீமா. "காலி வீட்டுக்கு ஓதுறாங்க. இனிமே போலீஸ்காரனுக்கு வழி வேற சொல்லணுமா? இதே மாதிரி முன்னூறு பேரு வந்தா?"

"முன்னூறு வராது."

"முப்பது வந்தா போதாதா? என் பிள்ளைங்க ரெண்டும் உள்ளதான் தூங்குது, வக்கீலம்மா."

பின்னால் செருமல் கேட்டது. அப்பா சமையலறை வாசலில் நின்றார். பெண்கள் இருக்கும் இடம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் தண்ணித் தொட்டிகிட்டப் போய் நிக்கிறேன்."

"என்ன?"

"ரத்த சொந்தம் ஒருத்தன் முன்னாடி நின்னு வாங்கிக்கிட்டா அவங்க கடமை முடிஞ்சிரும். அங்கேருந்தே திரும்பிடுவாங்க. அந்தம்மா துரத்தினா போகமாட்டாங்க. கேட்டுலதான் வந்து நிப்பாங்க."

"நான் போறேன்," என்றாள் ஹோமைரா.

"ஆம்பளைங்க ஃபாத்திஹாவுக்கு நீ நிப்பியா?"

"ஆம்பளைங்க கோர்ட்டுல நின்னேனே."

"உன்ன மாதிரி நின்னவங்க யாரும் இல்ல, ஒத்துக்கிறேன். இது கோர்ட்டு இல்ல." அவர் இப்போது நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உன் பேர்லதான் எல்லாம் இருக்கு. உன்னப் பிடிச்சா ரெண்டு பேருக்கும் போச்சு. என்னப் பிடிச்சா..."

"சொல்லாதீங்க."

"மணியப் பாரு. நீ பேசப் பேச அவங்க வந்துக்கிட்டிருக்காங்க."

மாடியில் ஷீமாவின் சின்னது எழுந்து சிணுங்கியது. ஷீமா படியேறி ஓடவில்லை. ஹோமைராவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் இடைவெளியில் இன்னொரு தலைப்பாகை. அதன் பின்னால் ஒரு தொப்பி.

பூட்டு வெளியே. சாவி ஸுக்ரா பாஜியிடம். உள்ளேயிருந்து யார் வெளியே போவது என்பதை ஹோமைரா ஒருத்திதான் அவளுக்குச் சொல்லலாம் என்று வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. அவள் போனை எடுத்தாள்.

"பாஜி, திறங்க. அப்பா வராரு."

"பைத்தியமா உனக்கு?"

"திறங்க பாஜி."

தூதரகத்துக் கடிதம் மெத்தையின் உறைக்குள் இருந்தது. இவர் எங்கள் பாதுகாப்பில் இருப்பவர், இன்ன நாட்டுக்குப் போகக் காத்திருப்பவர் என்று முத்திரை போட்ட கடிதம். சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரன் ஒருவரின் கடிதத்தைக் கிழித்துப் போட்ட கதையை அவள் கேட்டிருந்தாள். அசலை உறைக்குள்ளேயே திரும்பச் செருகிவிட்டு நகலை நாலாக மடித்து அப்பாவின் பையில் வைத்தாள். எந்த வக்கீலும் அதைத்தான் செய்வாள்.

"பதினொரு மணி வரைக்கும்தான். அதுக்குள்ள வந்தவங்க வந்தாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"போலீஸ் வண்டியப் பாத்தா பாஜி வீட்டுக்குள்ள போயிடுங்க. நின்னு சலாம் சொல்லிக்கிட்டிருக்காதீங்க."

"சரிம்மா, சரி. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே."

தொப்பியை நேராக வைத்துக்கொண்டு அவர் போனார். கேட் கிறீச்சிட்டது. பூட்டு மறுபடி விழுந்தது.

அதன் பிறகு ஹோமைராவுக்கு எல்லாம் காதால்தான். ஸுக்ரா பாஜி காய்கறி வண்டிப் பக்கம் நின்று, முள்ளங்கியைப் பொறுக்குவது மாதிரி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"வராங்க. கை ஏந்துறாங்க. முகத்துல தடவுறாங்க. உங்கப்பா நெஞ்சுல கை வைக்கிறாரு. போறாங்க. தபாலாபீஸ் கவுண்டர் மாதிரி நல்லாத்தான் நடக்குது."

"எத்தனை பேரு?"

"பதினேழு. இந்தா, பதினெட்டு. ஏம்மா, ஒரு கிழவரு உங்கப்பா கழுத்தக் கட்டிக்கிட்டு அழுறாரு. செத்தது யாருக்கு அண்ணன்? உங்கப்பால்ல அவரைத் தட்டிக்கொடுக்குறாரு!"

"சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்க, பாஜி."

"நான் சொன்னா கேக்குறாரா? நான் பேசுற உருது அவருக்குப் புரியாதாம் இன்னைக்கு. நேத்து வரைக்கும் புரிஞ்சுது."

பதினொன்றாயிற்று. முப்பத்திரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். கேட்டருகே யாரும் வரவில்லை. மாடியில் ஷீமா குழந்தைகளுக்கு ரொட்டியை டீயில் நனைத்து ஊட்டும் சத்தம் கேட்டது. ஹோமைராவுக்கு முதல்முறையாக மூச்சு சரியாக வந்தது.

"போதும் பாஜி. கூட்டிட்டு வாங்க."

கொஞ்ச நேரம் வெறும் தெருச் சத்தம். பிறகு: "வரமாட்டேங்குறாரு."

"ஏன்?"

"'பன்னிரண்டு வரைன்னு போட்டிருக்கு'ங்குறாரு. 'போட்ட நேரத்துக்கு முன்னாடி எழுந்து போனா வந்தவன் யார்கிட்ட ஓதுவான்'ங்குறாரு."

"போனை அவர்கிட்ட குடுங்க!"

"குடுத்தேன். கைய ஆட்டி வேணாம்னுட்டாரு. யாரோ வராங்களாம்."

ஹோமைரா நெற்றியை ஜன்னல் சட்டத்தில் முட்டிக்கொண்டாள். இடைவெளியில் பலகையின் முதுகு மட்டும் தெரிந்தது.

பதினொன்றரைக்கு ஸுக்ரா பாஜி பேச்சை நிறுத்தினாள். போன் அணையவில்லை. வண்டி நிற்கும் சத்தம், கதவுகள், உருதுவில் அதட்டல். பாஜியின் குரல் வேறு யாரிடமோ, உச்சத்தில்: "ஏய், பெரியவர் மேல கை வைக்காதே! என் வீட்டு சமையக்காரனோட அப்பா அவரு!" இன்னொரு குரல்: "எந்த சமையக்காரன்? பேரு சொல்லும்மா!" பிறகு தள்ளுமுள்ளு. பிறகு எஞ்சின்.

"பாஜி? பாஜி!"

"கூட்டிட்டுப் போயிட்டாங்க." மூச்சிரைத்தது. "ஏழு பேரு. உங்கப்பாவையும் சேத்து. நான் அவ்வளவு கத்துறேன், அவரு என்னத் தெரியாத மாதிரி வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னாரு. சந்துப் பக்கம் ஒரு தடவை திரும்பல. வண்டியில ஏறுறப்ப கூட, பின்னாடி நின்ன கிழவருக்கு வழிவிட்டு, 'நீங்க முதல்ல'ன்னு கைய காட்டுறாரு!"

ஹோமைரா உறையைக் கிழித்து அசல் கடிதத்தை எடுத்தாள். பாஜி வந்து வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். ராவல்பிண்டிக்குப் போகும் சாலையில் ஆட்களைச் சேர்த்துவைக்கும் முகாம். எல்லைக்குப் போகும் பஸ் அங்கிருந்துதான் கிளம்பும். பஸ் ஏறுவதற்குள் காகிதம் போய்விட்டால் சிலரை இறக்கிவிடுகிறார்கள்; எல்லை தாண்டிவிட்டால் எந்தக் காகிதமும் செல்லாது. தூதரகத்து உதவி எண்ணில் ஒரு பதிவுக்குரல், பிறகு இசை, பிறகு ஒரு மனிதக் குரல்: உங்கள் தகவல் குறித்துக்கொள்ளப்பட்டது. "பஸ் கிளம்பறதுக்குள்ள யாராவது முகாமுக்குப் பேசுங்க," என்றாள் ஹோமைரா. "குறித்துக்கொள்ளப்பட்டது," என்றது குரல். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி இசை.

பாஜி ஐந்து மணிக்குத் திரும்பினாள். கேட்டைத் திறந்து உள்ளே வந்து, செருப்போடு படியில் உட்கார்ந்தாள். துப்பட்டா முழுக்கப் புழுதி.

"வாசல்லயே நிக்க வச்சுட்டாங்க, உள்ள விடறதுக்குள்ள மூணு மணிக்கே பஸ் போயிருச்சும்மா. இதைக் காட்டுனேன். 'இப்ப கொண்டுவந்து என்ன பிரயோஜனம்'ங்குறான். 'பெரியவரு ஒரு காகிதம் காட்டுனாரு, அது ஜெராக்ஸ். ஜெராக்ஸ் யாரு வேணாலும் எடுக்கலாம், அசல் இருந்திருந்தா உக்கார வச்சிருப்போம்'னான்."

ஷீமா தண்ணீர் கொண்டுவந்து பாஜியிடம் நீட்டினாள். ஹோமைரா கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். முத்திரை நீல நிறத்தில் பளிச்சென்று இருந்தது. நகலில் அது வெறும் கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

"நான்தான் குடுத்தேன் அந்த ஜெராக்ஸை," என்றாள்.

"சும்மா இரு," என்றாள் ஷீமா. "அசலைக் குடுத்திருந்தா அசலைக் கிழிச்சிருப்பான். அப்ப அதுக்கு அழுதிருப்பே."

வெள்ளிக்கிழமை மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் காற்றுச் சத்தம், லாரிச் சத்தம்.

"ஜானே பதர்."

"ஆகா ஜான்! எங்க இருக்கீங்க? அடிச்சாங்களா?"

"ஜலாலாபாத். ஒரு நல்ல மனுஷன் போன். சீக்கிரம் பேசணும். அடிக்கல, அடிக்கல. எல்லையில பேரு கேட்டாங்க, சொன்னேன். கூட யாருன்னு கேட்டாங்க, யாருமில்லேன்னேன். வீட்ல எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க. யாரும் கேட்டுகிட்ட வரல."

"அப்ப சரி."

"என்ன சரி? பதினொரு மணிக்கு வரச் சொன்னேனா இல்லையா? முப்பத்திரண்டு பேரு போதாதா உங்களுக்கு? அந்த அரை மணி நேரம், ஆகா ஜான், அந்த அரை மணி நேரம் யாருக்காக நின்னீங்க?"

அவள் அவசரப்பட்டுவிட்டோம் என்று நினைத்தாள். அவர் பேசியபோது குரலில் ஒரு மெல்லிய சந்தோஷம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நாப்பத்தி மூணு பேரு வந்தாங்க. மஸார்ல கூட இவ்வளவு பேரு வந்திருக்க மாட்டாங்க, தெரியுமா? எல்லாரும் பயந்துகிட்டுப் பதுங்கியிருக்குறவங்க. நாப்பத்தி மூணு! ஸமதும் வந்தான், கடைசியில. பஸ்ல என் பக்கத்துலதான். வழி முழுக்க மன்னிப்புக் கேட்டே என்னத் தூங்க விடல, படுபாவி."

"இப்ப எங்க போவீங்க?"

"குந்தூஸ்ல ஸமதோட மகள் வீடு இருக்கு. மஸார் பக்கம் போகமாட்டேன், நீ பயப்படாதே. கேளு. செவ்வாய்க்கிழமை நீ போயிடணும். எனக்காகக் காலத் தேச்சுக்கிட்டு நிக்காதே."

"ஆகா ஜான்..."

"இந்தப் பையன் போனை கேக்குறான். போய்ச் சேந்ததும்..." என்றார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டைக் காப்பாற்றத்தான் நின்றாரா, ஃபாத்திஹாவுக்காக நின்றாரா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஹோமைரா மாற்றி மாற்றி வாதாடிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அவளே. எந்தப் பக்கமும் ஜெயிக்கவில்லை. ஷீமாவிடம் கேட்டாள்.

"அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப்போறே?" என்றாள் ஷீமா. "என் பிள்ளைங்க உள்ளதான் இருக்கு. அதான் எனக்குத் தெரியும்."

திங்கள்கிழமை காலை தூதரகத்தின் பயண ஏற்பாட்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். சின்னப் பெண் குரல், தெஹ்ரான் பக்கத்துப் பாரசீகம், ரொம்ப மரியாதை.

"நாளைக்குக் காலை ஆறு மணிக்கு உங்க வாசலுக்கு வண்டி வரும், மேடம். ஒருத்தருக்கு ஒரு பெட்டி. கடைசியா ஒரு சரிபார்ப்பு மட்டும். உங்க கோப்புல பயணம் செய்றவங்க ரெண்டு பேருன்னு இருக்கு. மாற்றம் ஏதாவது உண்டா?"

ஷீமா மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எங்க அப்பாவை வியாழக்கிழமை பிடிச்சு எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க. உங்க உதவி எண்ணுக்குப் பதினோரு தடவை பேசினேன்."

"ரொம்ப வருத்தமா இருக்கு, மேடம். அப்போ ஒருத்தர்னு மாத்திடறேன். அதுக்கு நான் ஒரு காரணம் குறிக்கணும். மூணுதான் இருக்கு. இறப்பு, குடும்பப் பிரிவு, தானாகத் திரும்பிச் சென்றார்."

"மூணும் இல்ல."

"தெரியுது, மேடம். இப்படிப் பிடிபட்டுப் போன மத்தவங்க எல்லாருக்கும் மூணாவதைத்தான் போடறோம்."

"அவரு தானா திரும்பல. வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. அப்படி எழுதுங்க."

"அதுக்கு இடம் இல்ல, மேடம்."

"மூணாவதைப் போட்டா அவர் கோப்பு என்ன ஆகும்?"

"மூடிடுவாங்க."

"திரும்பத் திறக்குமா?"

"நான் பாத்த வரைக்கும்... இல்ல, மேடம்."

"மாத்தாம ரெண்டுன்னே விட்டா?"

"நாளைக்கு வண்டி வரப்போ ரெண்டு பேரும் வாசல்ல நிக்கணும். எண்ணிக்கை சரியில்லேன்னா கோப்பையே மறுபரிசீலனைக்கு அனுப்பிடுவாங்க. அடுத்த விமானம் எப்போன்னு எங்களுக்கே தெரியாது. நிஜமாச் சொல்றேன், மேடம், நான் உங்க இடத்துல இருந்தா..."

"என் இடத்துல நீங்க இல்ல."

ஷீமா எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "ஒண்ணுன்னு சொல்லு," என்று உதட்டை மட்டும் அசைத்தாள். "அவரே போகச் சொன்னாரு இல்ல? நாளைக்கு நாங்க எல்லாரும் போயிடுவோம். இந்த வீட்ல தனியா இருக்கப் போறியா? சொல்லு, பைத்தியமே!" ஒற்றை விரலை ஹோமைராவின் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டினாள்.

ஹோமைரா அந்த விரலைப் பார்த்தாள். பத்து வருஷமாகப் பெண்களிடம் அவள் சொல்லி வந்தது ஒன்றுதான். அடித்தான் என்றால் அடித்தான் என்று எழுது. வழுக்கி விழுந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வராதே, அந்தக் காகிதத்தை நான் எதை வைத்தும் அழிக்க முடியாது. எத்தனை பேர் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்! எத்தனை பேரை அவள் திட்டியிருக்கிறாள்!

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பயணம் செய்றவங்க எத்தனை பேரு?"

"ரெண்டு."

ஷீமா தலையில் கை வைத்துக்கொண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்தாள்.

"மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

"யோசிச்சுட்டேன். குலாம் ஸகி, வயசு அறுபத்தெட்டு. அவர் மகள் ஹோமைரா, வயசு முப்பத்தாறு. அவர் எங்க இருக்காருன்னு உங்க மேலதிகாரி கேட்டா என் நம்பரைக் குடுங்க. நான் இங்கதான் இருப்பேன். எழுதியாச்சா?"

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"எழுதியாச்சு, மேடம்."

"வாசிங்க."

அந்தப் பெண் வாசித்தாள்.